நான் கல்வெட்டு வாசித்த கதை

கல்யாணமான இந்த ஏழு வருடத்தில் பைக்கில் தன்னை எங்கெங்கே கூட்டிப்போனேன் என்று என் மனைவி ஒருநாள் விரல்விட்டு எண்ணினாள். கம்பளை புடவைக்கடை, கம்பளை ஆஸ்பத்திரி, நாலு சாவு வீடு, இரண்டு சடங்கு வீடு. அதோடு சரி. இரண்டு விரல் மிச்சம் இருந்தது.

"ரம்பொடை நீர்வீழ்ச்சியை விட்டுட்டியே" என்றேன்.

"அது மூணாவது சாவு வீட்டுக்குப் போற வழி" என்றாள்.

அந்த இரண்டு விரலுக்காகத்தான் ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். குளிர் நாடுகளில் இதை இலையுதிர்காலம் என்பார்கள். எங்கள் புசல்லாவைப் பக்கம் தேயிலை உதிராது, அதற்குப் பதிலாக வானம் உதிரும். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு இடியோடு கொட்டும். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மா வாசலில் நின்று வழியனுப்பினார். மழைக்கோட்டு ஒரு செட்தான் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திட்டம் என்னுடையது. பிலிமத்தலாவைக்கு உள்ளே கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்று மூன்று கோயில்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. கம்பளை இலங்கையில் சிங்கள அரசர்களுக்குத் தலைநகரமாக இருந்த காலத்தவை. ஒன்று கல், ஒன்று செங்கல், ஒன்று மரம். இவ்வளவையும் முதல் நாள் இரவு அவளுக்குப் பாடம் எடுத்திருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "லங்காதிலகவில பாறையில ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு. 1344ஆம் ஆண்டு. நான் வாசிச்சுக் காட்டுறேன் பாரு" என்று சொல்லிவிட்டேன். நான் தமிழ் வாத்தியார். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். டாக்டர்கள் கோழி கிளறினமாதிரி எழுதுகிற சீட்டையெல்லாம் வாசித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவள் ஒன்றும் சொல்லாமல் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

காலை ஏழு மணிக்கு கம்பளைக்கு இறங்கி, கடைத்தெருவில் நின்று, திரும்பி வரும்போது வாங்க வேண்டிய சாமான்களை எழுதிய துண்டை என் சட்டைப்பையில் வைத்தாள். மகாவலிக் கரையோடு பேராதனை, அங்கிருந்து கொழும்பு வீதியில் பிலிமத்தலாவை. சந்தியில் இடது பக்கம் திரும்பினால் பித்தளைக் கடைகள் வரிசையாக மினுங்கின. "வரும்போது ஒரு குத்துவிளக்கு" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. காற்றில் கேட்காத மாதிரி ஓட்டினேன்.

கடலாதெனிய ஒரு பெரிய வெறும் பாறைமேல் நிற்கிறது. தூணும் படியும் வாசலும் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயிலை யாரோ தூக்கி வந்து புத்தரைக் குடியேற்றிய மாதிரி இருக்கும். நான்காம் புவனேகபாகு காலத்தில் இதைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. லங்காதிலகவைக் கட்டியவர் ஸ்தபதி ராயர்.

"ரெண்டு கொந்தராத்தும் நம்ம ஆளுங்களுக்கா?" என்றாள்.

"ஒரே வருசத்தில."

"காசு ஒழுங்காக் குடுத்தாங்களாமா?"

அந்தத் தகவல் என்னிடம் இல்லை. பதிலுக்கு, மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா சிவனொளிபாத மலை ஏறப் போனதும் அதே 1344இல்தான் என்றேன். "அவர் சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போனாரா?" என்றாள். செருப்பைக் கழற்றி வைத்திருந்ததால் விவாதம் நீளவில்லை. பத்து மணி வெயிலில் அந்தப் பாறை தோசைக்கல். இரண்டு பேரும் குதிகால் படாமல், பாறைக் குழிகளில் நின்ற மழைத்தண்ணீரில் கால் வைத்து வைத்துத் தாவி வெளியே வந்தோம்.

அப்புறம் லங்காதிலக. தூரத்தில் வயலுக்கு அந்தப்பக்கம் வெள்ளைக் கோபுரம் மாதிரி தெரியும், கிட்டப் போனால் பாறையில் வெட்டிய படிகள் மூச்சு வாங்க வைக்கும். முன்பக்கம் புத்தர். சுற்றிக்கொண்டு பின்னால் போனால் உபுல்வன், சமன், விபீஷணன், கந்தகுமாரன், பிள்ளையார் என்று தெய்வங்கள் தனித்தனி அறையில். பிள்ளையாரைக் கண்டதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. எனக்குக் கல்வெட்டு நினைவாகவே இருந்தது.

பாறையில் அதைக் கண்டுபிடித்தேன். வரிவரியாக, மழையிலும் வெயிலிலும் தேய்ந்து, சில இடத்தில் பாசியேறி. குந்தி உட்கார்ந்து, கைக்குட்டையால் தூசு தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஏகார வித்தியாசமும் இராது, நடுநடுவே கிரந்தம் வேறு வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆகவே விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே, "சேனாலங்காதிகாரர் என்கிற மந்திரி... இந்த விகாரையைக் கட்டுவிச்சு... இதுக்கு வயலும் காணியும்..." என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கண்ணைச் சுருக்கினேன். ஓரிடத்தில் "இங்க ஒரு எழுத்து சிதைஞ்சிருக்கு" என்று வருத்தமும் பட்டேன். அவள் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்னால் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"சேர், ஒய சிங்ஹல எக்க. தெமள எக்க அர பெத்தே."

நான் வாசித்தது சிங்களக் கல்வெட்டாம். தமிழ் அந்தப் பக்கமாம்.

வீடியோ ஓடிக்கொண்டேயிருந்தது.

"ரெண்டிலயும் ஒரே விசயம்தான் எழுதியிருக்கு" என்றேன். அது பொய்யில்லை, ஆனால் அந்த நேரத்தில் எடுபடவில்லை. பெரியவரே அழைத்துப் போய்த் தமிழ் வரிகளைக் காட்டினார். அவள் குந்தி உட்கார்ந்தாள். மருந்துச் சீட்டைப் பார்க்கிற அதே பார்வை. தலையை ஒருபக்கம் சாய்த்து, வெளிச்சம் குறுக்கே விழும்படி கையால் மறைத்து, "இது ம. இது ன மாதிரி. இது... க. ஆமா, க" என்று ஐந்தாறு எழுத்தைப் பொறுக்கிவிட்டாள். பெரியவர் "போம ஹொந்தய்" என்று பாராட்டினார். என் பக்கம் அவர் திரும்பவில்லை, கருணையாகத்தான் இருக்கும்.

எம்பெக்க போய்ச் சேரும்போது மேகம் கட்டிவிட்டது. பைக்கின் இரண்டு கண்ணாடியிலும் ஹெல்மெட்டுகளை நாடாவால் மாட்டித் தொங்கவிட்டு உள்ளே ஓடினோம். இது கதிர்காமக் கடவுளுக்கு, அதாவது நம் முருகனுக்கு, மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்த தேவாலயம். மேளம் அடிக்கிற முன்மண்டபம் முழுக்க மரத்தூண்கள். ஒவ்வொன்றிலும் சதுரம் சதுரமாகச் செதுக்கல். மல்யுத்தம் செய்கிற இரண்டு பேர், கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய். அந்தத் தாயின் முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையின் ஒரு முனையில் இருபத்தாறு கைமரங்கள் விசிறி மாதிரி வந்து ஒரே கட்டையில் கூடுகின்றன. மதொல் குருபாவ என்கிறார்கள். எண்ணினேன். முதல் தரம் இருபத்துநாலு, அடுத்த தரம் இருபத்தேழு. அன்றைக்கு எனக்கு வாசிப்பும் இல்லை, கணக்கும் இல்லை.

சாமி கும்பிட்டுவிட்டு, தூணோரம் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட நினைத்து, கோயிலுக்குள் கூடாது என்று அவள் முறைத்ததால் வெளித்திண்ணையில் சாப்பிட்டோம். சரியாக இரண்டு மணி. கொட்டத் தொடங்கியது. ஒரு மணி நேரம் பார்த்தோம், விடுவதாக இல்லை. சரி, போய்விடலாம் என்று ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டினேன்.

வாய் மேலே பார்க்கத் தொங்கிய ஹெல்மெட்டில் ஒரு மணி நேர ஐப்பசி இருந்தது. கழுத்து வழியாக முதுகு, முதுகு வழியாக இடுப்பு. அவள் தன்னுடையதை நிதானமாகக் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

மழைக்கோட்டுச் செட்டைப் பங்கு பிரித்தோம். மேல்சட்டை அவளுக்கு, கால்சட்டை எனக்கு. கீழே காய்ந்தும் மேலே நனைந்தும் ஒருவன், மேலே காய்ந்தும் கீழே நனைந்தும் ஒருத்தி, நடுவில் குத்துவிளக்கு. ஆமாம், வாங்கினோம். மழைக்கு ஒதுங்கியது பித்தளைக் கடை வாசலில் என்றால் வேறென்ன நடக்கும்? பேராதனை வரைக்கும் அதன் கூர்முனை என் முதுகெலும்பில் பாதை வெட்டியது.

கம்பளையில் மளிகைக் கடை முன்னால் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்தேன். நீல மை கரைந்து, ஆறேழு வரிகள் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டிருந்தன. கடைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். முதல் எழுத்து 'க' மாதிரி இருந்தது. கடலையா, கருவாடா, கற்பூரமா? துண்டை அவளிடம் நீட்டினேன்.

வாங்கவே இல்லை. ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"சிங்களமா இருக்கும். நல்லாப் பாருங்க."