கொர்லியோனே: எண்பத்தைந்து யூரோ டாக்ஸியும் மொரெல்லோ குடும்பத்துக் கொடிவழியும்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கப் போகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் டாக்ஸிக்காரரிடம் போகாதீர்கள். இரவு நேரம், கடைசி பஸ் போய்விட்டது என்று அவர் சொன்னதை நம்பி ஏறினேன். பலெர்மோ நகரம் சுமார் 35 கிலோமீட்டர்தான். எண்பது யூரோ வாங்கினார், பெட்டிக்குத் தனியாக ஐந்து. மறுநாள் விடுதியில் விசாரித்தால் அந்த நேரத்துக்கும் பஸ் இருந்திருக்கிறது, அதுவும் பத்து யூரோவுக்குள். அந்த எண்பத்தைந்து யூரோ என் மூன்று நாள் சாப்பாட்டுக் காசு. ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, போன காரணத்துக்கு வருகிறேன்.

நான் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் குயின்ஸில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நண்பரோடு போயிருந்தேன். சுமார் முப்பது லட்சம் பேரை அடக்கம் செய்த இடம் அது. நியூயார்க் போலீஸில் இத்தாலியக் குற்றக் கும்பல்களைத் துரத்திய ஜோசப் பெட்ரோசினோ அங்கேதான் இருக்கிறார். அவர் துரத்திய ஜுசெப்பே மொரெல்லோவும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். பின்னாளில் ஜெனோவீஸ் குடும்பம் என்று பெயர் பெற்ற நியூயார்க் மாஃபியா கும்பலின் வேர் இந்த மொரெல்லோதான். விரட்டியவரும் விரட்டப்பட்டவரும் ஒரே மண்ணில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அன்றைக்கே மொரெல்லோ குடும்பத்தின் கொடிவழியை வரைய ஆரம்பித்தேன்.

முதல் வாரமே குழம்பிப் போனேன். மொரெல்லோவின் தம்பிகள் என்று எல்லோரும் சொல்கிறவர்களின் குடும்பப் பெயர் தெர்ரனோவா. அண்ணன் ஒரு பெயர், தம்பிகள் வேறு பெயர். அப்பா வழியில் தேடினால் முட்டுச்சந்துதான். அம்மாவைப் பிடித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

ஜுசெப்பே 1867 மே 2 அன்று சிசிலியின் கொர்லியோனே ஊரில் பிறந்தார். அப்பா கலோஜெரோ மொரெல்லோ, அம்மா ஆஞ்செலா பியாட்சா. அப்பா 1872இல் இறந்தார். அடுத்த வருடம் ஆஞ்செலா, பெர்னார்தோ தெர்ரனோவாவை மறுமணம் செய்துகொண்டார். அவருக்குப் பிறந்தவர்கள்தான் வின்சென்சோ, சீரோ, நிக்கோலோ. மகள்களில் ஒருத்தி சல்வத்ரீச்சே. அவளைக் கட்டிக்கொண்டவர் பலெர்மோக்காரரான இக்னாசியோ லூப்போ. இந்த மாப்பிள்ளையும் மொரெல்லோவும் சேர்ந்துதான் கள்ளநோட்டு வழக்கில் 1910இல் தண்டனை வாங்கினார்கள். லூப்போவுக்கு 30 வருடம், மொரெல்லோவுக்கு 25. ஆக, கும்பலின் தலைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டியவை ஒரு தாயின் மறுமணமும் ஒரு மகளின் கல்யாணமும்தான். மாஃபியா பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறவர்கள் ஆஞ்செலாவுக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

சிசிலியில் 1820 முதல் அரசாங்கமே பிறப்பு, கல்யாணம், இறப்பைப் பதிந்து வருகிறது. பதிவேட்டில் பெண்ணுக்குச் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயர்தான். கப்பல் பயணிகள் பட்டியலில்கூட இத்தாலியப் பெண்களைப் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு மாதம் வீணாக்கினேன். அப்புறம் பெயர் வைக்கும் வழக்கம். மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று பள்ளியில் படித்தவனுக்கு இது சட்டென்று பிடிபடும். ஜுசெப்பேயும் தன் மகனுக்குக் கலோஜெரோ என்றுதான் பெயர் வைத்தார். அந்தப் பையனையும் 1912இல் நியூயார்க்கில் கொன்றுவிட்டார்கள். இந்த வழக்கத்தால் ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பெயரில் நாலைந்து பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் இருப்பார்கள். அம்மா பெயரைப் பார்க்காமல் யாரையும் கொடிவழியில் ஏற்றாதீர்கள்.

பலெர்மோவிலிருந்து கொர்லியோனேக்கு ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர். பஸ் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தது. ஏ.சி. இல்லை, ஜன்னலும் திறக்கவில்லை. மலைப்பாதை வளைவுகளில் பக்கத்து சீட் பாட்டி என் தோளிலேயே சாய்ந்து வந்தார். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்திருந்தேன். மாலையில் ஓட்டுநர் அது செல்லாது என்று சொல்லி மறுபடி காசு வாங்கினார். அவரிடம் வாதாட எனக்கு இத்தாலியன் போதவில்லை.

ஊருக்குள் போனால் கடைகளில் துப்பாக்கி படம் போட்ட பனியன், காந்தப் பொம்மை. காட்ஃபாதர் சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு ஒரு செல்ஃபியோடு கிளம்பிவிடுகிறார்கள். இத்தனைக்கும் அந்தச் சினிமாவின் சிசிலிக் காட்சிகளை எடுத்தது இந்த ஊரிலேயே இல்லை, தீவின் கிழக்குப் பக்கம் சவோக்காவில். எனக்குக் கோபமாக வந்தது. ஏனென்றால் இந்த ஊர்ப் பதிவேடுகளில் கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே எழுத்தரின் கையெழுத்தில் இருக்கிறார்கள். 1889இல் வயல் காவலர்களின் தலைவர் ஜொவான்னி வெல்லாவைச் சுட்டார்கள். கொலையாளியைப் பார்த்த ஆன்னா தி பூமா என்ற பெண்ணையும் சுட்டார்கள். சந்தேகம் மொரெல்லோ மீது விழுந்தது. சில வருடங்களில் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1893இல் தாயும் மாற்றாந்தந்தையும் தம்பி தங்கைகளும் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த ஊரில் பார்த்தே தீர வேண்டிய இடம் மாஃபியா எதிர்ப்பு ஆவண மையம். சுருக்கமாகச் சித்மா என்பார்கள். 1986இல் பலெர்மோவில் மாஃபியாக்காரர்கள் மீது தொடங்கிய பெரிய வழக்கின் கோப்புகள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கின்றன. மாஃபியா கொலைகளைப் படமெடுத்த புகைப்படக்காரர் லெதீட்ஸியா பத்தாலியாவின் கறுப்பு வெள்ளைப் படங்களின் முன்னால் என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. பிளாச்சிதோ ரிட்ஸோத்தோ கதையைக் கேட்டபோது கண்ணீர் வந்துவிட்டது. விவசாயிகளுக்காகப் பாடுபட்ட தொழிற்சங்கக்காரர். 1948 மார்ச் 10 அன்று கடத்திக் கொன்று ரோக்கா புஸாம்ப்ரா மலைப்பிளவில் போட்டார்கள். 2009இல் எலும்புகள் கிடைத்தன. இறந்துபோன அப்பாவின் உடலைத் தோண்டியெடுத்து மரபணுவை ஒப்பிட்டு, 2012இல் இது அவர்தான் என்று உறுதி செய்தார்கள். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. அறுபத்து நாலு வருடம் கழித்து, அப்பாவை வைத்து மகனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் ஆறு மாதமாகக் காகிதத்தில் செய்துகொண்டிருந்த வேலையின் உண்மையான கனம் அங்கேதான் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தேவாலயத்துக்குப் பின்சந்தில் நாலு மேசை போட்ட கடை. சூடு ஆறாத ஆட்டுப்பால் ரிக்கோத்தாவை ரொட்டியோடு வைத்தார்கள். நம் ஊரில் பால் திரிந்ததும் அப்படியே எடுத்துத் தின்போமே, அந்த வாசனை, அதைவிட நாலு மடங்கு மென்மை. அப்புறம் கரியில் சுட்ட ஆர்ட்டிசோக். தாமரை மொட்டு மாதிரி இருக்கும். இதழ் இதழாகப் பிய்த்து, பூண்டும் எண்ணெயும் வழிய வழியச் சாப்பிட வேண்டும். எல்லாம் சேர்த்துப் பதினான்கு யூரோ. சீரோ தெர்ரனோவாவுக்கு நியூயார்க்கில் ஆர்ட்டிசோக் ராஜா என்று பட்டப்பெயர். கலிபோர்னியாவிலிருந்து வரும் காயை மிரட்டி மொத்தமாக வாங்கி, வைத்த விலைக்கு விற்றார். 1935இல் மேயர் லா கார்டியா அந்தக் காய் விற்பனைக்கே கொஞ்ச நாள் தடை போட்டார். ஆஞ்செலாவின் நான்கு மகன்களில் படுக்கையில் இறந்தவர் சீரோ ஒருவர்தான், 1938இல். நிக்கோலோவை 1916இலும், வின்சென்சோவை 1922இலும், ஜுசெப்பேயை 1930இலும் சுட்டுக் கொன்றார்கள்.

கடைசி நாள் பலெர்மோவில் அரசு ஆவணக் காப்பகம். உட்கார்ந்து பார்க்கக் கட்டணம் இல்லை, சொந்த போனில் படம் எடுத்துக்கொள்ளவும் காசு கேட்கவில்லை. இந்தப் பயணத்தில் என் பர்ஸைத் தொடாத ஒரே இடம். பொறுமையான ஊழியர்கள், பெரிய மேசை, நல்ல வெளிச்சம். பக்கத்திலேயே மரீனா சதுக்கம். விசாரணைக்காகப் பலெர்மோ வந்த பெட்ரோசினோவை 1909 மார்ச் 12 இரவு சுட்டது அங்கேதான், ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பூங்காவுக்குள் நம் ஆலமரம் போல விழுதுவிட்ட பிரம்மாண்டமான அத்தி மரம். அதன் அடியில் உட்கார்ந்து, கொண்டைக்கடலை மாவில் பொரித்த பனெல்லே வைத்த ரொட்டி ஒன்றைச் சாப்பிட்டேன், இரண்டரை யூரோ. 1903இல் நியூயார்க்கில் ஒரு பீப்பாயில் பிணமாகக் கிடந்தவர் யாரென்று பெட்ரோசினோ கண்டுபிடித்ததும் உறவு வழியாகத்தான். சிங் சிங் சிறையில் இருந்த ஒருவரிடம் படத்தைக் காட்டினார். இது என் மச்சான் பெனெதெத்தோ மதோனியா என்று அந்த மனிதர் அடையாளம் சொன்னார்.

விமான நிலையத்துக்கு பஸ்ஸில்தான் போனேன். அடுத்து ஆஞ்செலாவின் இறப்புப் பதிவைத் தேட வேண்டும். நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகம் பழைய சான்றிதழ்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பியாட்சா, மொரெல்லோ, தெர்ரனோவா என்று மூன்று பெயரிலும் தேடிப் பார்க்கப் போகிறேன்.