இருண்டுபோன ஒரு நாரைப் படம்

பள்ளிப் பிள்ளைகளுக்கான நீர்ப்பறவைக் கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவந்த சிறிய குழுவில், படம் எடுப்பதும் எடுத்த படங்களை அச்சுக்குத் தயார்செய்வதும் என் வேலையாக இருந்தன. நாரைகளுக்கென்று ஒதுக்கியிருந்த பக்கத்துக்காக ஒரு மார்ச் மாதத்தில் இரண்டு நாள் கூந்தன்குளத்தில் தங்கியிருந்தேன். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்த ஊரின் குளம் 1994ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாகவும் 2022இல் அறிவிக்கப்பட்டது. இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவருகின்றன. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று சொல்வதைப் போலவே, தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதைப் பற்றியும் அங்கே பேசுகிறார்கள்.

இரண்டாம் நாள் காலை முழுவதும் கொக்குகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அடர்ந்த கருவேல மரங்களின் இருண்ட நிழலுக்கு முன்னால், வெயில் பட்டு நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேமராவின் ஒளிமானி அந்த இருளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும்; கொக்கின் இறகுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். அதைத் தடுப்பதற்காக, ஒளிமானியின் கணக்கை நம் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் சக்கரத்தை மைனஸ் இரண்டில் வைத்திருந்தேன். கொக்குகளைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். நண்பகல் வேளையில் ஒரு வீட்டார் தங்கள் மொட்டைமாடிக்கு ஏற அனுமதித்தார்கள். மாடிக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில், சங்குவளை நாரையின் கூடு இருந்தது. தாயோ தந்தையோ தெரியவில்லை, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு இறக்கைகளையும் முழுவதும் விரித்துக் கூட்டின்மேல் நிழல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பறவை. கீழே, வாய் பிளந்தபடி குஞ்சுகள். பின்னால், வெயிலில் வெளுத்துப்போன வானம்.

நான் ஒன்பது படங்கள் எடுத்தேன். பிறகு பறவை இறக்கைகளை மடக்கி மறுபக்கம் திரும்பிக்கொண்டது. அதன் பின் நாங்கள் புறப்படும்வரை கூட்டின் அந்தக் காட்சி எனக்கு மீண்டும் கிடைக்கவில்லை. கேமராவின் திரையைப் பார்த்தபோதுதான், ஷட்டர் வேகம் 1/8000 நொடி என்று காட்டியதையும் காம்பன்சேஷன் இன்னும் மைனஸ் இரண்டிலேயே இருந்ததையும் கவனித்தேன். வெளுத்த வானத்தைப் பார்த்து ஒளிமானி ஏற்கெனவே வெளிச்சத்தைக் குறைத்திருந்தது. நான் திருப்ப மறந்த சக்கரம் அதை இன்னும் குறைத்துவிட்டது. அந்தக் கூட்டுக்கு 1/1000 தேவைப்பட்டிருக்கும். ஒளியை அளக்கும் ஸ்டாப் கணக்கில், மூன்று ஸ்டாப் குறைவு. வானம் அழகாக, விவரம் சிதையாமல் பதிந்திருந்தது. நாரை கரியால் வரைந்த உருவம்போல நின்றது.

மூன்று ஸ்டாப் என்றால் என்ன இழப்பு என்பதை எண்களால் சொன்னால்தான் விளங்கும். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்குவதால், சென்சாருக்குச் சேரவேண்டிய ஒளியில் எட்டில் ஒரு பங்கே சேர்ந்திருந்தது. சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் 14 பிட் ரா கோப்பில் மொத்தம் 16,384 படிநிலைகள் உண்டு. அவற்றில் பாதியை மிக வெளிச்சமான முதல் ஸ்டாப் ஒன்றே எடுத்துக்கொள்ளும், மீதியில் பாதியை அடுத்த ஸ்டாப் எடுத்துக்கொள்ளும். இப்படிக் கீழே போகப்போக இருளுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். அதைவிட முக்கியமானது, ஒளி துகள்துகளாக வந்து விழுவதால் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கம். ஒளி எட்டில் ஒன்றாகக் குறையும்போது, அந்த ஏற்ற இறக்கத்துக்கு மேலே படம் தெளிந்து தெரியும் அளவு ஏறத்தாழ 2.8 மடங்கு குறைகிறது. மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டினால் நாரையோடு சேர்ந்து அந்த மணல்மணலான நாய்ஸும் மேலே வரும். கணினி புதிதாக ஒளியைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

இவையெல்லாம் தெரிந்திருந்தும், ஊர் திரும்பிய அன்றிரவே லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளின் முன் உட்கார்ந்து, தெரியாதவன் செய்வதையே செய்தேன். எக்ஸ்போஷரை மூன்று ஸ்டாப் ஏற்றினேன். நிழல் பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோஸை அதன் எல்லைவரை இழுத்தேன். கூடு முழுவதும் ஊதா கலந்த புள்ளிகள் கிளம்பின. நாய்ஸ் நீக்கும் கருவியைப் பலமாக ஓட்டி அவற்றை மழுக்கினேன். நிறங்கள் வெளிறியிருந்ததால் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, கூட்டினேன். முதுகுப் பக்கத்து இறகுகளின் இளஞ்சிவப்பு கண்ணைப் பறித்தது. கால்களில் திட்டுத்திட்டாகத் தெரிந்த வெண்மையை, மூன்று ஸ்டாப் ஏற்றியதால் வந்த கோளாறு என்று முடிவுகட்டி, ஹீலிங் பிரஷ்ஷால் அழித்துச் செம்மஞ்சளாக்கினேன். இரவு இரண்டு மணிக்கு, முழு வெளிச்சத்தில் எரிந்த என் திரையில், படம் மீண்டுவிட்டதாகவே தோன்றியது. அந்த நம்பிக்கையோடு குழுவினருக்கு அனுப்பிவைத்தேன்.

எங்கள் வடிவமைப்பாளரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைப்போம். அச்சுத் துறையில் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர். மறுநாள் என் மேசைக்கு வந்து, படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இந்தப் பறவை ஏன் இறக்கையை விரிச்சிருக்கு?” என்று கேட்டார். குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கிறது என்றேன். “நிழல் எங்கே இருக்கு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இறக்கைக்கு வெளியே எவ்வளவு வெளிச்சமோ அதே அளவு வெளிச்சத்தை இறக்கைக்கு உள்ளேயும் நான் ஏற்றியிருந்தேன். வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. மேகமூட்டமான ஒரு மாலையில் காரணமின்றிச் சிறகு விரித்து நிற்கும் பறவையாக அது மாறியிருந்தது. ஒளி குறைந்த படத்தைத் திருத்தும்போது இருட்டு முழுவதையும் பிழையாகவே கண் எடுத்துக்கொள்கிறது. என் கவனக்குறைவால் வந்த இருட்டும், அந்தப் பறவை வெயிலில் வெந்து உண்டாக்கிய இருட்டும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தன. முதலாவதை நீக்கி இரண்டாவதைக் காப்பதுதான் வேலை என்பதை, படத்தைப் பற்றி எதுவும் முன்கூட்டித் தெரியாமல் பார்த்த ஒருவரின் கண் எனக்குக் காட்டியது.

தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்தேன். இம்முறை படம் முழுவதற்குமான எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் மட்டுமே ஏற்றினேன். வெயில் பட்ட தோள், விரிந்த இறக்கையின் மேல் விளிம்பு, கூட்டின் வெளிப்புறச் சுள்ளிகள் ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் தனி மாஸ்க் இட்டு இன்னும் ஒரு ஸ்டாப் கொடுத்தேன். இறக்கைக்கு அடியில் பாதி ஸ்டாப்புக்கு மேல் தொடவில்லை. வெளுத்த வானத்தை நீலமாக மாற்றினால் பக்கம் எடுப்பாக இருக்கும் என்று குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். நான் உடன்படவில்லை. மார்ச் மாத நண்பகலில் அந்த வானம் வெள்ளையாகத்தான் இருந்தது, பறவை சிறகு விரித்ததற்கும் அந்த வெள்ளை வெயில்தான் காரணம்.

கையேட்டின் பறவைத் தகவல்களைச் சரிபார்த்தவர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். நாங்குநேரிப் பக்கத்துக் குளங்களில் நீண்டகாலமாகப் பறவைகளைக் கணக்கெடுத்துவருபவர். என் பழைய படம், புதிய படம் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒளியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காலைத்தான் முதலில் பார்த்தார்.

“தம்பி, காலைக் கழுவிவிட்டீங்களா?”

சங்குவளை நாரையின் கால் மஞ்சளிலிருந்து சிவப்புவரை இருக்கும் என்றாலும், பல சமயம் அது வெள்ளையாகவே தெரியும் என்று அவர் விளக்கினார். நாரைகள் தங்கள் கால்களின்மீதே எச்சமிடும் வழக்கம் உள்ளவை. அந்த ஈரம் உலரும்போது உடலின் சூடு தணிகிறது. கால்களில் உலர்ந்து படிந்திருக்கும் வெண்மையைத்தான் நான் கோளாறு என்று அழித்திருந்தேன். தன் காலைக் குளிர்விப்பதும் குஞ்சுக்குக் குடை பிடிப்பதும் ஒரே வெயிலுக்கு அந்தப் பறவை சொல்லும் இரண்டு பதில்கள். அவற்றில் ஒன்றை நான் துடைத்தெறிந்துவிட்டு, இன்னொன்றைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்க முயன்றிருக்கிறேன். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிழையான ஒளியைவிட இது பெரிய பிழை. இருண்ட படம் எதையும் பொய்யாகச் சொல்வதில்லை, நான் கழுவிய கால் சொன்னது.

இறகின் இளஞ்சிவப்பு அவ்வளவு அடர்த்தியாக இராது என்றும், தலையின் வெறுந்தோலில் உள்ள ஆரஞ்சு நிறத்தை அப்படியே விடும்படியும் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்து, “குஞ்சு இரண்டா, மூன்றா?” என்று கேட்டார். இரண்டு என்றேன். எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். “இந்த ஓரத்தில் சுள்ளி மாதிரி ஒன்று கிடக்கிறதே, அதைக் கொஞ்சம் பாருங்கள்” என்றார்.

அலுவலகம் திரும்பித் திருத்தம் எதுவும் செய்யாத மூலக் கோப்பைத் திறந்து, அந்த மூலையை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். நாய்ஸுக்கு நடுவே சிறிய அலகு ஒன்றின் விளிம்பும், அதற்குப் பின்னால் வெண்பஞ்சு போன்ற தூவிகளும் இருந்தன. மூன்றாவது குஞ்சு, மற்ற இரண்டுக்கும் பின்னால் கூட்டோடு கூடாகப் படுத்துக் கிடந்தது. நாய்ஸ் நீக்கும் கருவிக்குத் தூவிக்கும் புள்ளிக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாக இழைத்துச் சுள்ளியின் நிறத்தில் பூசியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கருவியைப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் ஓட்டுவதை விட்டுவிட்டேன். வெறும் வானத்தில் தாராளமாக ஓட்டலாம். இறகும் தூவியும் உள்ள இடத்தில் நிறப் புள்ளிகளை மட்டும் அடக்கிவிட்டு, மணல்போன்ற பொடிப்பை இருக்கட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. ஊதாச் சாயலை நிழல் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் பச்சை சேர்த்துச் சமன்செய்தேன். மூல கோப்பில் கால்கள் எப்படி இருந்தனவோ அப்படியே திரும்பி வந்தன.

ஆனாலும் பொடிப்பு உறுத்தத்தான் செய்தது. முழுப் பக்கத்துக்கு விரித்தால் இறக்கையின் அடிப்பகுதி மணல் தூவியதுபோல் இருந்தது. அதற்கு வழி சொன்னவரும் அக்காதான். படத்தைச் சிறிதாக்கு என்றார். முழுப் பக்கத்தை விட்டுக்கொடுக்க முதலில் எனக்கு மனம் வரவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரங்களை வெட்டியபின் படத்தின் அகலம் 4,500 பிக்சல். 5 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட 1,500 போதும். அதாவது, மூலத்தின் ஒன்பது பிக்சல்கள் சேர்ந்து அச்சில் ஒரே பிக்சல் ஆகின்றன. சராசரி எடுக்கும்போது நாய்ஸ் மூன்றில் ஒன்றாகிறது. நான் மாடியில் நின்று இழந்தது 2.8 மடங்கு. அளவைச் சுருக்கியதால் திரும்பக் கிடைத்தது ஏறத்தாழ அதே அளவு. பெரிதாகக் காட்டவேண்டும் என்ற ஆசையை விட்டபோது, இழந்த தெளிவு எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் படத்துக்கு வந்துசேர்ந்தது.

அச்சு வேலை சிவகாசியில். கையேட்டின் விலை கூடாமல் இருக்க, வழுவழுப்பான ஆர்ட் பேப்பருக்குப் பதில் மேப்லித்தோ தாளைத் தேர்ந்திருந்தோம். அந்தத் தாள் மையை உறிஞ்சும். ஒவ்வொரு மைப் புள்ளியும் தன் அளவைவிடச் சற்றுப் பரந்து, நிழல் பகுதிகள் அடைத்துக்கொள்ளும். மெஷினில் நின்ற அண்ணாச்சி ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, பார்த்ததும், “இறக்கைக்கு அடியில் எல்லாம் மூடிப்போகும், கொஞ்சம் திறந்து கொடுங்க” என்றார். நிழலைக் காப்பாற்று என்று அக்கா சொன்னதும், நிழலைத் திற என்று இவர் சொன்னதும் எதிரெதிராகத் தோன்றின. ஆனால் இருவரும் கேட்டது, படிப்பவர் கையில் இருக்கும் தாளில் அது நிழலாகவே தெரியவேண்டும் என்பதைத்தான். திரையில் பார்த்தால் சற்று வெளிறியதாகத் தோன்றும் அளவுக்கு அந்தப் பகுதியை மட்டும் ஏற்றி, என் திரையின் வெளிச்சத்தையும் பாதிக்குக் குறைத்துவைத்துச் சரிபார்த்து, புதிய கோப்பைக் கொடுத்தேன். இளஞ்சிவப்பு நான்கு மை அச்சில் எப்படியும் சற்று மங்கியது. ஆசிரியர் விரும்பிய அளவுக்கு அது நெருங்கி வந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

படத்தின் கீழே முதலில் நான் எழுதியிருந்தது, ‘குஞ்சுகளுக்கு நிழல் தரும் சங்குவளை நாரை’ என்ற ஒரே வரி. ‘கால்களில் தெரியும் வெண்மை அதன் எச்சம், வெயில் காலத்தில் உடலைக் குளிர்விக்க உதவுகிறது’ என்ற இரண்டாவது வரியைச் சேர்த்தேன். பக்கத்தில் அதற்கு இடம் தேடி அக்கா ஒரு மணிநேரம் செலவழித்தார்.

அச்சு ஓடத் தொடங்கிய மாலையில் நானும் அங்கே இருந்தேன். மை சமநிலைக்கு வரும்வரை வந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, பிறகு வந்த ஒன்றை அண்ணாச்சி உருவி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நாரைப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. இறக்கையின் நிழலுக்குள் மெதுவாக நகர்ந்து, “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கி, ஓரத்துச் சுள்ளிகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, “மூணு” என்றார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு, வேகத்தைக் கூட்டச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.