தோள் இன்னும் தாங்கும் கதவு

ஜூன் 14, 2025, சனி

தஞ்சாவூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பேராவூரணி வரை தூங்கியிருக்கிறேன். நடத்துநர் எழுப்பினார்.

புயல் பயத்துக்காக ஈ.எம்.டி.ஆர். (EMDR) என்ற கண் அசைவுச் சிகிச்சைக்குப் போகிறேன். மூன்று வாரம் பேச்சும் தயாரிப்புமாகப் போனது. இன்றுதான் கண் அசைவு. ஆலோசகர் இரண்டு விரல்களை என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக அசைத்தார். தலையைத் திருப்பாமல் கண்ணால் பின்தொடர்ந்தேன். அரை நிமிடம் போல. பிறகு, "இப்போது என்ன வருகிறது அக்கா?" என்று கேட்பார். சொன்னதும் மறுபடி விரல்கள்.

நான் எடுத்துக்கொண்ட நினைவு 2018 நவம்பர் 16, விடியலுக்கு முந்தைய நேரம். கஜா புயல். கணவர் சிங்கப்பூரில் இருந்தார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்துவிட, மாமியாரையும் எட்டு வயது மகளையும் உள்ளறையில் விட்டு, வலது தோளைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றேன். வெளியே தென்னைகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம்.

மூன்றாவது சுற்றில் உள்ளங்கை வியர்த்தது. தோள் தானாகவே முன்னால் போனது. வலது கால் பெருவிரல் தரையை அழுத்தி ஊன்றியது. நான் ஊன்றச் சொல்லவில்லை. பிறகு கொட்டாவி, அடக்கவே முடியாத கொட்டாவி. பத்துக்கு ஒன்பதாக இருந்த வேதனை முடிக்கும்போது ஆறு.

ஜூன் 15

தலைவலி. உடம்பெல்லாம் நாற்று நட்டு வந்தது போல அசதி. கனவில் கிணறு நிறையத் தென்னை மட்டை. சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் கனவு, அழுகை, களைப்பு வரலாம், வருவதைக் குறித்து வையுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூன் 21

கண் எரிந்ததால் இன்று புறங்கைகளில் மாறி மாறித் தட்டினார். அதுவும் இதே சிகிச்சையில் சேர்ந்ததுதானாம்.

கண்ணை அசைத்தால் பயம் எப்படிக் குறையும் என்று கேட்டேன். ஆலோசகர் விளக்கினார். 1987இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷப்பீரோ பூங்காவில் நடக்கும்போது தற்செயலாகக் கவனித்ததில் தொடங்கியது. 1989இல் ஆய்வாக வெளியிட்டார். 2013இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. காரணத்தில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நினைவைப் பிடித்துக்கொண்டே விரலையும் பின்தொடரும்போது மனத்துக்கு இரண்டையும் முழுதாகத் தாங்க முடிவதில்லை, நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசையும்போது இதயத் துடிப்பு தணிவதையும் அளந்திருக்கிறார்கள்.

நாத்தனார் கைப்பேசியில் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாமே என்றாள். கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஆறாத புண்ணைத் திறந்தால், மூடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஜூலை 5

அந்தக் காட்சியின் வேதனை சுழியத்துக்கு வந்துவிட்டது. கதவு தெரிகிறது, பயம் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். ஆலோசகர் விடவில்லை. அதே நினைவோடு உச்சி முதல் பாதம் வரை உடம்பைக் கவனிக்கச் சொன்னார். தோள்பட்டையின் அடியில் புளியங்கொட்டை அளவு இறுக்கம். மனம் ஒப்பியதை உடம்பு ஒப்பவில்லை.

இத்தனை ஆண்டுகளில் இந்தத் தோளுக்கு எக்ஸ்ரே, தைலம், செங்கல் ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். புயலுக்குப் பிறகு விழுந்த மரங்களை எண்ண வந்தார்கள். தூங்குகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த இறுக்கத்தையே கவனித்தபடி மறுபடி கண் அசைவு. நாலைந்து சுற்றுக்குப் பின் கதவிடுக்கில் வெளிச்சம் வந்தது, அன்றும் வந்ததுதான். விடிந்துவிட்டது என்பது தோளுக்கு மட்டும் தெரியாமலே இருந்திருக்கிறது. அழுதேன். கை விரல்நுனி வரை சூடு பரவியது.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

புது ஆற்றில் தண்ணீர் நிறைந்து போகிறது. மகளுக்கு மஞ்சள் கயிறு கட்ட இரண்டு கைகளையும் வலியில்லாமல் தூக்கினேன்.

மாலையில் ஆடிக் காற்று. கொல்லைக் கதவு படாரென்று அடித்தது. நெஞ்சு படபடத்தது, தாடை இறுகியது, தோள் அசையவில்லை. மகள் எழுந்து போய்த் தாழிட்டு வந்தாள்.

தாடையைப் பற்றிச் சனிக்கிழமை சொல்ல வேண்டும்.