டிரேடிங் நேர்காணல்: எதைப் பயிற்சி செய்வது?

ஆம்ஸ்டர்டாமின் ஆப்டிவர், ஐஎம்சி, நியூயார்க்கின் ஜேன் ஸ்ட்ரீட் மாதிரி டிரேடிங் (சந்தையில் வாங்கி விற்கும்) நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலர் பங்குச்சந்தைச் செய்திகளைக் கரைத்துக் குடிக்கிறார்கள். அங்கே கேட்பது பெரும்பாலும் அதுவல்ல.

முதல் வடிகட்டி மனக்கணக்கு. 80 கேள்வி, 8 நிமிடம் என்ற வகைத் தேர்வு பிரபலம், கால்குலேட்டர் கிடையாது. 37×43 வந்தால் பெருக்கக் கூடாது: 40²−3² = 1591. தப்புக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்றால் குருட்டாம்போக்கில் ஊகிக்காதீர்கள்.

அடுத்தது எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது பலமுறை ஆடினால் சராசரியாகக் கிடைக்கும் தொகை. பகடையில் விழும் எண்ணே உங்கள் பணம். பிடிக்காவிட்டால் ஒருமுறை மறுபடி உருட்டலாம். ஒரே உருட்டலின் சராசரி 3.5. ஆகவே 4, 5, 6 விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி உருட்டுங்கள்: ½×5 + ½×3.5 = 4.25. இரண்டு முறை மறுபடி உருட்டலாம் என்றால்? முதலில் 4 விழுந்தாலும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் மீதமுள்ள இரண்டு உருட்டல்களின் மதிப்பு 4.25. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

கடைசியில் விலை சொல்லும் விளையாட்டு. இரு பகடைகளின் கூட்டுத்தொகைதான் ஒரு பொருளின் மதிப்பு என்று வைத்து, அதை 6.5-க்கு வாங்குவேன், 7.5-க்கு விற்பேன் என்கிறீர்கள். ஒரு பகடையை மட்டும் ரகசியமாகப் பார்த்த நேர்காணல் எடுப்பவர் உங்களிடம் 7.5-க்கு வாங்குகிறார். அவர் பார்த்தது பெரிய எண்ணாக இருக்கலாம். இரண்டு விலையையும் உடனே ஏற்றுங்கள். பழைய விலையிலேயே நின்றால் அவர் வாங்கிக்கொண்டே இருப்பார். பயந்துபோய் 3-க்கும் 11-க்கும் விலை சொன்னால் வியாபாரமே நடக்காது, அதுவும் மைனஸ்தான்.

யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு நண்பரோடு இதை விளையாடிப் பழகுங்கள்.