சுவருக்கு வெளியே ஏரி

சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏரியை ஒட்டிக் கட்டிய வில்லாக் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு மேலாளராக இருக்கிறேன். சுற்றுச்சுவர், வாசல் காவல், வருகைப் பதிவேடு, போர்வெல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் என் பொறுப்பு. ஏரி மட்டும் எங்களுடையது இல்லை. இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதிலேயே என் சம்பளத்தில் பாதி செரிக்கிறது.

வீடு விற்றபோது காட்டிய படத்தில் ஏரி தளும்பி நிற்கிறது. அநேகமாகக் கார்த்திகையில் எடுத்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஓயும் சமயத்தில் இந்தப் பக்கத்து ஏரிகள் அப்படித்தான் இருக்கும். தை, மாசியில் மதகைத் திறந்து வயலுக்கு விடுவார்கள். மழை குறைந்த ஆண்டென்றால் சித்திரையில் நடு ஏரியில் ஆடு மேயும்.

அப்படியொரு ஆண்டில் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்தது: ‘யாரைக் கேட்டு மதகைத் திறந்தார்கள்?’ நூறு ஏக்கர் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) உள்ள ஏரிகளும் அதற்குப் பெரியவையும் நீர்வளத் துறைக்கு, அதற்குச் சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்பது தமிழ்நாட்டில் பொதுவான ஏற்பாடு. குடியிருப்போர் சங்கம் இந்த வரிசையில் எங்குமே வராது. போர்வெல் தண்ணீரை விட்டாவது ஏரியை நிரப்ப வழி உண்டா என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார். அந்த வாரம் போர்வெல்லே காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. குளிக்க லாரித் தண்ணீர்தான். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் நமக்கு நிலத்தடியில் ஊறும், ஏரி போர்வெல்லை நம்பி இல்லை என்றேன். அவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

இந்த மனிதர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடன் வாங்கி, ஓய்வுக் காலத்துக்கென்று வந்தவர்கள் பலர். மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன் சேலம் நகரத்துக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி, பிற்காலத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். விற்பனை அலுவலகத்தில் அதையெல்லாம் யார் சொல்லப் போகிறார்கள்!

தண்ணீர் வற்றும்போது மீன் குத்தகைக்காரர் வலை இறக்குவார். விடியும் முன்பே சத்தம், கூடவே சேற்று நாற்றம். முதல் நாள் எனக்கு ஏழெட்டுப் புகார்கள் வரும். மறுநாள் காலை அதே வீடுகளில் இருந்து ஆட்கள் பாத்திரத்தோடு கரையில் நிற்பார்கள். கட்லா முதலில் தீர்ந்துவிடும். ஜிலேபி மீனைச் சீண்ட ஆளில்லை. அதைக் காவலாளிகள் வாங்கிக்கொள்வார்கள்.

உண்மையான தலைவலி மழைக்காலத்தில்தான். மலையில் இருந்து இறங்கும் ஓடை எங்கள் வளாகத்தின் ஒரு மூலை வழியாகத்தான் ஏரிக்குப் போகிறது. சுவர் கட்டியவர்கள் அதற்கு ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். அந்தப் புத்திக்காக அவர்களைக் கும்பிடலாம். ஒரு சாரைப்பாம்பு அதன் வழியாக உள்ளே வந்த பிறகு, திறப்பை அடைத்துவிட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் இரும்புக் கம்பித் தடுப்பு என்று சமாதானம் ஆயிற்று.

அடுத்த ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை கொட்டியது. சில்வர் ஓக் இலை, தென்னை மட்டை, பால் கவர், யாருடையதோ ஒரு செருப்பு எல்லாம் கம்பியில் வந்து அடைத்து மெத்தை போல அப்பிக்கொண்டன. ஓடை திரும்பிக் கடைசி வரிசை வீடுகளின் வாசற்படி வரை வந்துவிட்டது. பக்கத்து ஊரில் இருந்து தோட்ட வேலைக்கு வருகிற அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கடப்பாரையால் ஒரு பக்கத்துக் கம்பிகளை நெம்பி எடுத்தார். “இத்தனை நெருக்கமாகக் கம்பி வைத்தால் தண்ணீர் எங்கே போகும் சார்?” என்றார். தண்ணீர் வடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இப்போது அங்கே கம்பிகள் அகலமாக இருக்கின்றன. மழை எச்சரிக்கை வந்தால் தடுப்பையே கழற்றிவிடுகிறோம். பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்கிறோம். அவர்கள் வந்து பிடித்துப் போகிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஏரிக்கரை மேல் டைல்ஸ் பதித்து நடைபாதை போடும் யோசனை வருகிறதாம். கரை ஒன்றியத்துக்குச் சொந்தம் என்ற கடிதத்தை இப்போதே நகல் எடுத்து வைத்துவிட்டேன்.