ஓடேக்க 185 எண்டு காட்டினா

இரணைமடுக் குளக்கட்டில ஓடுற தம்பிமார் சிலபேர், கைமணிக்கூட்டில இதயத்துடிப்பு நிமிசத்துக்கு 185 எண்டு கண்டதும் பயந்து ஓட்டத்தையே விட்டிடினம். எனக்கு அது பெரிய கவலை. இதயம் ஆகக்கூடினது எவ்வளவு துடிக்குமெண்டு பாக்க 220 இல வயதைக் கழிக்கிறது சராசரிக் கணக்குத்தான். ஆளுக்காள் 10, 12 துடிப்பு கூடிக் குறையும். வன்னி வெயிலில உடம்பைக் குளிராக்க இரத்தம் தோலுக்கும் ஓடவேணும், தண்ணியும் குடிக்காட்டி அதே வேகத்துக்கே துடிப்பு ஏறும்.

பட்டி தளர்வா இருந்தா மணிக்கூடு சிலவேளை காலடி எண்ணிக்கையைத் துடிப்பெண்டு காட்டிப்போடும். நிமிசத்துக்கு 160, 170 அடி ஓட்டத்தில வழமை. சந்தேகமெண்டா நிண்டு, கழுத்தில ஒருபக்கம் ரெண்டு விரலை மெதுவா வைச்சு 15 செக்கன் எண்ணி நாலால பெருக்குங்கோ.

நெஞ்சுநோ, மயக்கம், ஆறியிருந்தும் இறங்காத படபடப்பு எண்டா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.