வாடகைக் குதிரை

ஜனவரி 8
மொழிபெயர்த்த பக்கங்களைக் கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் என்னை இன்னொருவருக்கு அறிமுகம் செய்தார்: "எழுத்தாளர்னு இல்ல, ஹேக் மாதிரி. காசு கொடுத்தா எதையும் எழுதுவார்." வார்த்தைக்கு இவ்வளவு என்று வாங்கித்தான் பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். பொய் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தச் சொல் உறுத்தியது.

ஜனவரி 9
அகராதியைப் புரட்டினேன். கம்ப்யூட்டர் ஹேக் வேறு. அது வெட்டு, கொத்து என்னும் பழைய வினையிலிருந்து வந்தது. இது 'ஹேக்னி'யின் சுருக்கம். ஹேக்னி என்றால் சாதாரண சவாரிக் குதிரை, அப்புறம் வாடகைக் குதிரை. அந்தக் காலத்தில் லண்டனை ஒட்டியிருந்த ஹேக்னி என்ற ஊரின் பெயரே குதிரைக்கு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். லண்டன் டாக்சிக்குச் சட்டத்தில் இன்றும் ஹேக்னி வண்டி என்றுதான் பெயர். பதிப்பாளர் கேட்டதை எழுதிக் கொடுத்தவர்கள் மேலும் அதே சொல் ஏறிக்கொண்டது. தேய்ந்துபோன சொற்றொடரை 'ஹேக்னீட்' என்பதும் இதனால்தான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். தாத்தா பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். "பத்து கை மாறின குதிரைக்கு வாய் மரத்துப் போயிடும்டா. கடிவாளம் பட்ட இடத்துல தாத்தா தினமும் வெண்ணெய் தடவுவார்" என்றாள்.

ஜனவரி 11
பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் கோல்ட்ஸ்மித் தன் நண்பர் நெட் பர்டனுக்கு எழுதிய கல்லறைப் பாட்டில், அவரைப் புத்தகக் கடைக்காரரின் ஹேக் என்கிறார். கோல்ட்ஸ்மித்தும் ரோம் சரித்திரம், இங்கிலாந்து சரித்திரம் என்று கூலிக்கு எழுதியவர்தான்.

இந்த மாதிரி எழுத்துக்கு 'கிரப் தெரு' என்றும் ஒரு வசை உண்டு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸில் இருந்த நிஜமான தெரு; 1830-இல் மில்டன் தெரு என்று பெயரை மாற்றிவிட்டார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் அதற்குப் பொருள் தருகிறார்: சின்னச் சரித்திரங்கள், அகராதிகள், அன்றைக்கு மட்டும் செல்லும் கவிதைகள் எழுதுவோர் நிறையக் குடியிருந்த தெரு. அகராதிகள்! பதிப்பாளர்களிடம் 1,500 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பொற்காசு) பேசி, தான் செய்துகொண்டிருந்த வேலையையே அந்தத் தெருவில் வைத்திருக்கிறார். அந்த வரியை நாலு முறை படித்தேன். 1759-இல் தாய் இறந்தபோது ஈமச் செலவுக்காக ஒரே வாரத்து மாலைகளில் ஒரு கதையை எழுதி முடித்தவர் அவர்.

ஜனவரி 12
பம்புசெட் கையேடு முடிந்தது. பழைய பதிப்பில் 'பாத அடைப்பிதழ்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'ஃபுட் வால்வு' என்று போட்டேன். கிணற்றடியில் நிற்பவர் அதைத்தான் தேடுவார்.